முத்துவடிவுக்கு வைத்த கல்

குற்றாலத்துப் பேரருவியில் தலையைக் கொடுத்து நின்றுவிட்டு, துண்டைப் பிழிந்துகொண்டு போகிறவர்களில் பாதிப் பேருக்கு, அந்தத் தண்ணீரை ஒட்டியே ஒரு பாதை மேலே ஏறிப் போவது தெரியாது. சிற்றருவியைத் தாண்டி, காட்டுக்குள் நுழைந்து, இரண்டு மைல் மூச்சு வாங்க ஏறினால் செண்பகாதேவி அம்மன் கோயில். ஐம்பதுகளில் அந்தப் பாதையில் படி கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. யார் போட்ட பாதை என்று கேட்டால் கோயில்காரர்கள் தாங்கள்தான் என்பார்கள், காட்டிலாகாக்காரர்கள் தாங்கள்தான் என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் முழுப் பொய் இல்லை. சித்திரா பௌர்ணமிக்கு ஒரு நாள் ஊரே அதில் ஏறும். எப்போதாவது ஒரு ரேஞ்சர் ஏறுவார். மீதி நாளெல்லாம் அதில் ஏறி இறங்கியவர்கள் மேலகரத்து விறகுக்காரிகள் பதினொரு பேர். வெறுங்காலோடு ஏறி, தலையில் சுமையோடு இறங்கி, இருபத்திரண்டு கால்கள் தேய்த்த பாதை அது. அதை அவர்கள் ஒரு நாளும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லியிருந்தாலும் கேட்க ஆள் இல்லை.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி முத்துவடிவு. வாசுதேவநல்லூரில் பிறந்து, பத்தொன்பது வயதில் மேலகரத்துச் சுடலையாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். சுடலையாண்டி வயல்வேலைக்காரன். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவான். அவன் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துவைத்துப் பேச அவன் அம்மா முப்பிடாதியம்மாள் இருந்தாள். அவள் வாயைத் திறந்தால் எதிர்வீட்டுக் கோழி கூட இடம் மாறிப் படுக்கும். முத்துவடிவு மாமியாருக்குப் பயந்தவள், மலைக்குப் பயந்தவள் இல்லை. வந்த மூன்றாம் மாதமே காட்டிலாகா பாஸ் வாங்கி விறகுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். தென்காசியில் விறகுக்கடை வைத்திருந்த பீர் மைதீன் சாயபு அவள் கட்டை மட்டும் பிரித்துப் பார்க்காமல் வாங்கிப் போடுவார். நடுவில் பச்சை விறகை மறைத்துவைத்துக் கட்டுகிற வித்தை அவளுக்கு வராது என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பாதையில் ஏறுவது ஒரு கஷ்டமே இல்லை. இறங்குவதுதான் கஷ்டம். விறகுக்கட்டைத் தலையில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். வழியில் இறக்கி வைத்தால் மறுபடி ஏற்றிவிட ஆள் வேண்டும். கடைசியாக வருகிறவளுக்கு ஏற்றிவிட யார் இருக்கிறார்கள்? ஆகவே கோயிலடியில் தலைக்கு ஏறிய சுமை சிற்றருவி வரை இறங்காது. கழுத்து ஒடிந்தாலும் ஒரே நடைதான். நடுவழியில் வழுக்குப்பாறை என்று ஓர் இடம். அங்கே பாதை சட்டென்று கீழே விழும், ஒரு பக்கம் ஆற்றுப் பள்ளம். கால் நடுங்குவது அங்கேதான். பிள்ளைத்தாய்ச்சிகளும் அப்படித்தான் இறங்கினார்கள். வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பு உட்கார்ந்துவிடும்.

1955 ஐப்பசியில் முத்துவடிவுக்கு ஏழாம் மாதம். சாரல் காலம் முடிந்து, வெளியூர்க் கூட்டம் போய், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கூட வேறு பிழைப்புப் பார்க்கப் போயிருந்தார்கள். அன்றைக்குப் பதினொரு பேரும் கோயிலுக்கு மேலே ஆற்றைக் கடந்து அக்கரையில் விறகு பொறுக்கினார்கள். வானம் கறுத்ததும் மற்றவர்கள் மளமளவென்று இக்கரைக்கு வந்து கோயில் மண்டபத்தில் ஒதுங்கினார்கள். முத்துவடிவு வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல வந்தவள், வழியில் நன்றாகக் காய்ந்த கொப்பு ஒன்று கிடப்பதைப் பார்த்தாள். விட மனசில்லை. அதையும் சேர்த்துக் கட்ட நின்றுவிட்டாள். மலையில் மழை பெய்கிறபோது ஒரு கொப்புக்காக நிற்கக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் நல்ல விறகைக் கண்டால் அவளுக்குக் கால் நகராது.

கட்டை இழுத்துக்கொண்டு ஆற்றின் நடுப் பாறை வரை வந்துவிட்டாள். அங்கே அதை வைத்துவிட்டு அடுத்த அடி வைத்தாள். முழங்காலில் இருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்தது. போதும் சாமி என்று கட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்த கரைக்கே திரும்பி ஏறினாள். ஏறித் திரும்பிப் பார்க்கும்போது பாறையும் தெரியவில்லை, கட்டும் இல்லை. தொண்டை கிழியக் கத்தினாள். வெள்ளத்தின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மண்டபத்தில் ஆளை எண்ணியபோது பத்துப் பேர்தான் இருந்தார்கள். கத்தினார்கள், கரையோரம் ஓடினார்கள், பிறகு ஊருக்கு ஆள் கூட்ட இறங்கினார்கள். அவர்கள் பேரருவிக்கு வந்து சேர்வதற்கு முன்பே, அருவி அடியில் ஒரு பச்சைச் சேலைக் கிழிசல் வந்து விழுந்து கிடந்தது. இரண்டு மூன்று கம்பு அதில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. முத்துவடிவு விறகைச் சுற்றிக் கட்டுகிற பழைய சேலை அது. பதினொரு பேரில் எழுத்து வாசனை உள்ள ஒரே ஆள் தங்கத்தாய். அவள்தான் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள் தேடினார்கள். ஆற்றில் கிடைக்கவில்லை, அணைக்கட்டில் ஒதுங்கவில்லை. அருவிக்கு நடுவில் இருக்கிற பொங்குமாங்கடல் என்ற ஆழக் குழிக்குள் மாட்டினது எதுவும் வெளியே வராது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியமும் செய்து முடித்தார்கள்.

வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால், அவள் இறக்கி வைக்காமல் கொண்டுபோன சுமைக்காக வழியோரத்தில் ஒரு சுமைதாங்கி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். கழுத்து உயரம் இருக்கும். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், சுமை தானாகக் கல்லுக்கு நகர்ந்துவிடும். மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். தூக்கிவிட ஆள் வேண்டாம். வழிப்போக்கர்களின் சுமை இறங்க இறங்க, செத்தவளின் சுமையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்று நம்பிக்கை. முப்பிடாதியம்மாள் அதைத் தென்காசி ரோட்டில், நாலு பேர் பார்க்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்றாள். விறகுக்காரிகள் அன்றுவரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அன்று வந்து, வழுக்குப்பாறையில் வைக்க முடியுமா என்று கேட்டார்கள். சுடலையாண்டி தன் வழக்கப்படி ஒரே வார்த்தையில் முடித்தான்.

"மேலயே."

மேல் கல் பீர் மைதீன் சாயபு கொடுத்தது. கடையை இடித்துக் கட்டியபோது கழற்றிப் போட்ட பழைய நிலைக்கல். தென்காசிக் கொத்தனார் அதில் முத்துவடிவு என்று மட்டும் வெட்டிக் கொடுத்தார். எட்டு ஆண்கள் மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பத்துப் பெண்களும் சுண்ணாம்பும் மணலும் சுமந்தார்கள். ஒரு பகல் முழுக்க ஆயிற்று. நட்டு முடித்ததும் சுடலையாண்டி கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து, பெண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

இவ்வளவும் இங்கே நடந்துகொண்டிருந்தபோது முத்துவடிவு மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருப்பில் காய்ச்சலோடு படுத்திருந்தாள். தண்ணீர் வடியும் என்று காத்திருந்து, வடியாமல், மேலே போய்ச் சுற்றி வரலாம் என்று ஏறி, வழி தவறி, இரண்டாம் நாள் மத்தியானம் அடுப்புப் புகையைப் பார்த்துப் போய் விழுந்த இடம் அது. மாதவி என்ற தோட்டக்காரப் பெண் அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பாயில் போட்டாள். ஒரு வாரத்தில் பிள்ளை பிறந்துவிட்டது, பெண்பிள்ளை, உள்ளங்கை நீளம். பிழைக்காது என்று எல்லாரும் நினைத்தார்கள். மாதவி மட்டும் நினைக்கவில்லை. ஏலக்காய் உலர்த்துகிற சூட்டறையின் வெளிச்சுவரை ஒட்டித் துணித்தொட்டில் கட்டி, இரவும் பகலும் அந்த வெதுவெதுப்பிலேயே பிள்ளையை வைத்திருந்தாள். மலைப்பாதை சரிந்து கிடந்ததால் கீழே தகவல் சொல்ல வழியில்லை. வழி திறந்ததும் கணக்குப்பிள்ளையிடம் சொல்லி மலையாளத்தில் ஒரு கார்டு போடச் செய்தாள். செங்கோட்டை கூட அப்போது திருவிதாங்கூர்ப் பக்கம். அங்கே இருந்து கார்டு இங்கே வருவதென்றால் அது தன் சௌகரியப்படிதான் வரும்.

கார்டுக்கு முன்னால் ஆள் வந்துவிட்டாள். நாற்பத்தேழாம் நாள் தென்காசியில் ரயிலை விட்டு இறங்கி, பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மேலகரத்துக்கு நடந்தே வந்தாள். செத்தவள் திரும்பி வந்தால் ஊர் சந்தோஷப்படும் என்று நாம் நினைக்கிறோம். முதலில் ஊர் ஓடுகிறது; சந்தோஷமெல்லாம் பிறகுதான். சுரண்டையில் சுடலையாண்டிக்கு வேறு பெண் பார்த்து, பேச்சு காபி குடிக்கிற அளவுக்குப் போயிருந்தது. வாசலில் மருமகளைப் பார்த்த முப்பிடாதியம்மாளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சு வரவில்லை. பிள்ளையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். ஏலக்காய் வாசம் அடித்தது. பேய்க்கு ஏலக்காய் வாசம் வராது என்று தீர்மானித்துக்கொண்டு, உள்ளே கூப்பிட்டாள்.

உள்ளே என்றால் நேராக இல்லை. காரியம் செய்து முடித்த ஆளை அப்படியே வீட்டுக்குள் விடுவதா? அருவியில் தலை முழுகச் செய்து, புதுச்சேலை கொடுத்து, மறுபடி தாலி கட்டி, அப்புறம்தான். ஒரே புருஷனுக்கு இரண்டு தடவை கழுத்தை நீட்டினவள் மேலகரத்தில் அவள் ஒருத்திதான். விறகுக்காரிகள் பத்துப் பேரும் சுற்றி நின்று சிரித்தார்கள், அழுதார்கள். அழுகை எது சிரிப்பு எது என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் கழித்துக் கார்டு வந்தது. சுடலையாண்டி அதைச் செங்கோட்டைக்குக் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஆமாம் வந்துவிட்டாள் என்று வாசித்தவருக்கே சேதி சொல்லிவிட்டு வந்தான். பிள்ளைக்கு மாதவி என்று பெயர் வைத்தார்கள். மேலகரத்தில் அப்படி ஒரு பெயர் அதற்கு முன்னால் கிடையாது. மாமியார் அதற்கு மட்டும் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை.

குறை சொல்ல அவளுக்கு வேறு ஒன்று இருந்தது. தாலி கட்டின கையோடு மகனிடம் வந்து நின்றாள்.

"உசுரோட இருக்கவளுக்கு வச்ச கல்லு சும்மா நிக்காதுலே. அடுத்த வயித்துப் புள்ளையோட சேத்து அவளைக் கேக்கும். இடிச்சுத் தள்ளு அந்தச் சவத்தை."

முத்துவடிவும் அதை நம்பிப் பயந்தாள். நம்பிக்கை என்பது அப்படித்தான். பாதியை மட்டும் நம்பி மீதியை விட முடியாது. செத்தவளின் சுமையைக் கல் வாங்கிக்கொள்ளும் என்றால், வாங்க வந்த இடத்தில் ஆள் உயிரோடு இருந்தால் அது கேட்கத்தானே செய்யும். ஆனால் இடிக்க ஆள் அகப்படவில்லை. கொத்தனார் தன் கையால் சுமைதாங்கியை இடித்ததில்லை, இடிக்கவும் மாட்டேன் என்றார். கொடுத்த கல்லைத் திருப்பி வாங்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்றார் சாயபு. அப்படியே தை மாசி ஓடியது. விறகுக்காரிகள் மட்டும் இதைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. கல் நிற்கட்டும் என்று சொன்னால் முத்துவடிவு சாகட்டும் என்று சொன்னதாகிவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு, இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கு இருக்குமோ என்னவோ என்று சுமையை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பங்குனியில் முத்துவடிவு பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு மறுபடி மலைக்குப் போனாள். ஐந்து மாதம் சுமை தூக்காத கழுத்து. கோயிலில் இருந்து பாதி தூரம் இறங்குவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வழுக்குப்பாறையில் முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகக் கல்லில் சுமையைத் தள்ளி நின்று, அடுத்தவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். அவளுக்கு முன்னால் தங்கத்தாய். சுமையை வைத்ததும் பழக்க தோஷத்தில் அவள் வாயில் வந்துவிட்டது.

"மகராசி முத்துவடிவு, நல்லா இரு தாயி."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இத்தனை மாதமும் கல்லில் சுமை இறக்குகிற ஒவ்வொருத்தியும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு வாங்கியிருக்கிறாள் என்பது முத்துவடிவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் தலையைச் சாய்த்தாள். சுமை நகர்ந்து கல்லில் உட்கார்ந்தது. கழுத்தில் காற்றுப் பட்டது, கண்ணில் மரமும் மேலே வானமும் தெரிந்தன. நாலு வருஷமாக ஏறி இறங்குகிற பாதையில் அந்த இடத்தில் அவள் தலை நிமிர்ந்து பார்த்தது அன்றுதான். உயிரோடு இருக்கும்போதே தன்னைப் பத்துப் பேர் தினமும் வாழ்த்துகிறார்கள் என்று நினைத்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து புருஷனிடம் கல்லைத் தொட வேண்டாம் என்று சொன்னாள். அவன் சரி என்றான். முப்பிடாதியம்மாள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இரண்டு வருஷம் போயிற்று. 1958 மாசியில் முத்துவடிவுக்கு மறுபடி ஐந்தாம் மாதம் நடந்தது. இந்தத் தடவை மாமியார் சத்தம் போடவில்லை. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டாள். அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது. முத்துவடிவின் வயிற்றில் பிள்ளை அசைந்த அன்றைக்கு அவளுடைய தைரியமும் போய்விட்டது. தன் ஒருத்திக்கு என்றால் வருகிறது வரட்டும் என்று இருப்பாள். உள்ளே இருப்பது என்ன பாவம் செய்தது? மாதவி தாயில்லாப் பிள்ளையாக நிற்க வேண்டுமா? அவளே புருஷனிடம் சொன்னாள், இடித்துவிடலாம் என்று. கொத்தனார் வராவிட்டால் தானே இடிப்பதாகச் சுடலையாண்டி கடப்பாரையை எடுத்து வைத்தான். வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று.

விறகுக்கடை வாசலில் பத்துப் பேரிடமும் போய் முத்துவடிவே சொன்னாள். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்களில் வள்ளித்தாய்க்கு அப்போது ஏழாம் மாதம். அப்படியும் ஒரு நாள் கூடச் சுமை தூக்காமல் இருக்கவில்லை. இனி அவள் வழுக்குப்பாறையை ஒரே மூச்சில் இறங்க வேண்டும். வள்ளித்தாய்தான் முதலில் பேசினாள். நல்லது மைனி, உடம்பைப் பார்த்துக்கோங்க என்றாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒருத்தியாவது திட்டியிருந்தால் முத்துவடிவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில், வேண்டாம் என்று சொன்னதைக் கேட்காமல் அவளும் புருஷனோடு ஏறினாள். இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கள் சுமையைத் தாங்கின கல்லுக்கு ஒரு கும்பிடாவது போட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. வழுக்குப்பாறைக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டவள் கையைக் கீழே இறக்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கல்லில் தன் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியும், ஆறு எழுத்தும் அவளுக்கு மனப்பாடம். இப்போது அதன் இரண்டு பக்கமும் புதிதாக வேறு எழுத்துகள் இருந்தன. கோணல்மாணலாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, கல் வெள்ளையாகத் தெறித்துக் கிடந்தது.

சுடலையாண்டி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, விரலால் தடவி எழுத்துக் கூட்டினான்.

"வள்ளித்தாய்" என்றான். விரலை நகர்த்தினான். பிறகு, "தங்கத்தாய்."

அடுத்த பெயரை வாசித்தான், அதற்கடுத்ததையும் வாசித்தான். பத்துப் பெயர். முத்துவடிவின் பெயரையும் சேர்த்துப் பதினொன்று. முத்துவடிவு பாறையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். பேறுகாலம் நெருங்கி நிற்கிற ஒருத்தி, சாவுக்கு வைத்த கல்லில் தன் பெயரைத் தானே வெட்டச் சொல்லியிருக்கிறாள். அதுவும் எல்லாருக்கும் முதலில்.

கோயில் பக்கம் இருந்து சுமையோடு இறங்கினவர்கள் வந்துவிட்டார்கள். கொத்தனாரிடம் உளி இரவல் வாங்கி இரண்டு நாளாக ஏறும்போதும் இறங்கும்போதும் தங்கத்தாய் வெட்டினது அது. எதற்கு இப்படிச் செய்தீர்கள் என்று சுடலையாண்டி கேட்டான். வள்ளித்தாய் முதலில் கல்லில் சுமையைத் தள்ளினாள். இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்தாள்.

"இப்பக் கேக்கட்டும் அண்ணாச்சி. கேட்டா எங்க எல்லாத்தையும் கேக்கணும். இத்தன பேருல யாருன்னு அதுக்கு எங்கன தெரியப் போவுது? அப்பிடியும் இடிக்கணும்னா இடிங்க, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

சுடலையாண்டி கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டான். வீட்டுக்குப் போய் அம்மா படுத்திருந்த மூலையில் உட்கார்ந்து, நடந்தது அத்தனையையும் சொன்னான். அவன் வாழ்நாளில் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்று ஒரு நாள்தான். முப்பிடாதியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு எழுந்து சோற்றைப் போட்டுச் சாப்பிட்டாள். கல்லைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசவில்லை.

சித்திரா பௌர்ணமி வந்தது. முழங்கால் வலி என்று இருபது வருஷமாக மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்காத முப்பிடாதியம்மாள், அன்று கம்பை ஊன்றிக்கொண்டு கிளம்பினாள். முத்துவடிவும் விறகுக்காரிகளும் கூட வர, ஊர்க்கூட்டத்தோடு கூட்டமாக, பத்தடிக்கு ஒரு தடவை உட்கார்ந்து, மலையையும் அதைப் படைத்தவனையும் வைதுகொண்டே ஏறினாள். அம்மனைக் கும்பிடத்தான் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். வழுக்குப்பாறையில் நின்றுவிட்டாள். கொத்தனாரிடம் வாங்கி மடியில் முடிந்து வைத்திருந்த உளியை எடுத்துத் தங்கத்தாயிடம் நீட்டினாள்.

"என் பேரையும் வெட்டுட்டி. எல்லாத்துக்கும் மேல வெட்டு. கல்லு வாசிச்சா மேல இருந்துதான வாசிக்கும், மொதல்ல என்னைக் கேக்கட்டும். நான் எல்லாம் பாத்தாச்சு. இந்தப் புள்ளைக இன்னும் ஒண்ணும் பாக்கல."

தங்கத்தாய் உளியை வாங்கிக்கொண்டாள். கல்லின் மேல்விளிம்பில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. அவள் பெயரோ நீளம். பாதியில் நிறுத்தலாமா என்று தங்கத்தாய் கேட்டதற்கு, பாதிப் பெயரைப் பார்த்துவிட்டு வேறு யாரோ என்று கல் நினைத்துவிடக் கூடாது, முழுசாக வெட்டு என்று அதட்டினாள். பெயர் விளிம்பில் தொடங்கி மூலை திரும்பிப் பக்கவாட்டில் போய் முடிந்தது. வெட்டி முடிக்கிற வரை முப்பிடாதியம்மாள் கல் பக்கத்திலேயே நின்றாள். முத்துவடிவு போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மாமியார் கையை அவள் தொட்டுப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அத்தை என்றாள். மாமியார் கையை உதறவில்லை. அம்மன் கோயில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று மட்டும் எரிச்சலாகக் கேட்டாள்.

வள்ளித்தாய்க்கு வைகாசியில் ஆண்பிள்ளை பிறந்தது. ஆனியில் முத்துவடிவுக்கும் ஆண்பிள்ளை. இரண்டு பேறுகாலமும் சுகமாக முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பதினொரு பேர் வீட்டிலும் எத்தனையோ பிள்ளைகள் பிறந்தன, ஒருத்திக்கும் ஒரு குறையும் வரவில்லை. அதற்குக் கல்தான் காரணமா, வழியில் நின்று மூச்சு வாங்க ஓர் இடம் கிடைத்ததுதான் காரணமா என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள அவர்களுக்கு நேரம் இல்லை. முத்துவடிவு மட்டும் தினமும் சுமையை இறக்கும்போது கல்லின் மேல்விளிம்பை ஒரு தடவை தொட்டுக்கொள்வாள்.

அறுபத்து நாலில் பாதைக்குப் படி கட்ட ஆள் வந்தார்கள். மேற்பார்வைக்கு வந்த ஓவர்சியர் வெளியூர்க்காரர், இளவயசு. வழுக்குப்பாறையில் நூல் பிடித்துப் பார்த்தபோது சுமைதாங்கி நேராகப் படிக்கு நடுவில் வந்தது. எடுத்து ஓரமாகப் போடச் சொல்லிவிட்டு, கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து பார்த்தார். பார்த்தவர் முகம் மாறிவிட்டது. அவர் ஊரிலும் சுமைதாங்கி உண்டு, எதற்கு வைப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்போது மேலே இருந்து முதல் ஆளாக முத்துவடிவு சுமையோடு வந்தாள்.

"ஏம்மா, இந்த இடத்துல இத்தனை பேரா செத்துப் போனாங்க?"

முத்துவடிவு சுமையைக் கல்லில் தள்ளினாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு ஆளுதான்யா. எல்லாத்துக்கும் மேல இருக்கு பாருங்க, அது எங்க அத்தை. போன வருசம், எழுவத்தாறு வயசுல, பேரன் பேத்தி எல்லாத்தையும் பாத்துட்டு, பாயில படுத்தமேனிக்குப் போய்ச் சேந்தாவ."

"மத்தவங்க?"

"அந்தா வருதாவ. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சுமை இடிச்சிரப் போவுது."

ஓவர்சியர் தள்ளி நின்றார். மரங்களுக்கு நடுவே இருந்து வள்ளித்தாய் இறங்கி வந்தாள். அவளுக்குப் பின்னால் தங்கத்தாய், அவளுக்குப் பின்னால் மற்ற எட்டுப் பேர். ஒவ்வொருத்தியாகக் கல்லில் சுமையை வைத்தாள், மூச்சு வாங்கினாள், எடுத்துக்கொண்டு போனாள். கடைசி ஆள் போய் மறையும் வரை அவர் கையில் இருந்த தொப்பியைப் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, கட்டியிருந்த நூலை அவிழ்த்து, கல்லுக்குப் பக்கமாக வளைத்துக் கட்டச் சொன்னார்.